காய்ந்த தரையில் விழுந்த மகனுக்கு

தம்பி,

வருகிற திங்கட்கிழமை முதல் செல்போன் டவரில் ஏறப்போகிறேன் என்று செவ்வாய்க்கிழமை போனில் சொன்னாய். தும்கூர் போன இந்தப் பதினெட்டு நாளில் உன் குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது அன்றைக்குத்தான். "கால் எப்படிப்பா இருக்கு?" என்று நான் கேட்டதற்குச் சிரித்தாய். "அதுக்கென்னப்பா? கம்பெனில அன்னைக்கு விழுந்தது எண்ணெய் வழுக்கி. அதுக்கப்புறம் ஒருநாளாச்சும் விழுந்திருக்கேனா?" என்றாய். நான் "ஆமாமா" என்று சொல்லிவிட்டு போனை உன் அம்மா கையில் கொடுத்தேன். அந்த "ஆமாமா"வுக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நூற்றைம்பது அடி உயரக் கம்பியில் ஏற உனக்கு வந்திருக்கிற தைரியம் நான் சொன்ன ஒரு பொய்யின் மேல் நிற்கிறது. திங்கட்கிழமைக்குள் அதை எடுத்துவிட வேண்டும். அதற்காகத்தான் கம்பெனியை விட்டபின் பார்க்கிற வேலைக்கு லீவு போட்டுவிட்டு இன்று காலையிலிருந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாயைப் பற்றி எனக்குத் தெரியும். எதிராளியின் குரல் கொஞ்சம் உடைந்தால் போதும், அதற்கு ஏற்றபடி ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடும். இருபத்திரண்டு வருடம் மெயின்டெனன்ஸ் ஃபிட்டராக வேலை பார்த்தவன் நான். பழுதை மறைத்து ஷிஃப்டை ஓட்டுவதில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன். எழுதினால் திரும்பப் படித்துப் பார்த்து, பொய் இருந்தால் அடித்துவிடலாம். உன் அம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தாள். "இப்ப எதுக்குப் பழசக் கிளறிக்கிட்டு? ஆவணில கல்யாணத்த வெச்சுக்கிட்டு" என்றாள். பர்கூர்ப் பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளைக்கு டவர் கம்பெனியில் நிரந்தர வேலை என்று சொல்லித்தான் வைகாசியில் நிச்சயம் செய்தோம். அவளுக்கு அந்தப் பயம். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்துவிட்டது.

முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி. நீ ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூட மைதானத்தில் கபடி ஆடி இடது காலைப் புரட்டிக்கொண்டு வந்தாய். இரண்டு பையன்கள் இரு பக்கமும் தாங்கிக் கூட்டி வந்தார்கள். கணுக்கால் வெளிப்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி, தோல் கறுத்துக்கொண்டு வந்தது. உன் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் மாவுக்கட்டுப் போட்டு மூன்று வாரம் படுக்க வைப்பான், பரீட்சை போய்விடும் என்றேன் நான். மூக்கண்டப்பள்ளியில் நம் சந்து முனையில் டீக்கடை வைத்திருந்தாரே ஒருவர், அவர் தாய் வயிற்றிலிருந்து கால் முன்னே வந்து பிறந்தவர். அப்படிப் பிறந்தவர் மூன்று தடவை காலால் மிதித்துத் தள்ளினால் சுளுக்குப் போய்விடும் என்று எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். உன்னைக் கடை பெஞ்சில் படுக்கவைத்து வீங்கின காலை அவர் பாதத்துக்குக் கீழே நானே பிடித்துக் கொடுத்தேன். நீ கத்தின கத்தலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள். "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்று நான் உன் வாயைப் பொத்தினேன்.

பிறகு முட்டை வெள்ளைக்கருவில் உளுந்துமாவைக் குழைத்துப் பற்றுப் போட்டோம். நான்காவது நாள் நீ நடந்தாய். அதைப் பார்த்துவிட்டு நான் ஊரெல்லாம் பெருமை அடித்தேன். வலி போனால் கால் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். சத்தம் நின்றுவிட்டால் பேரிங் சரியாகிவிட்டது என்று கம்பெனியில் ஒருநாளும் நினைத்ததில்லை. கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் மூடுவேன். மெஷினுக்குக் கொடுத்த மரியாதையைப் பெற்ற பிள்ளையின் காலுக்குக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கால் சும்மா இருக்கவில்லை. ப்ளஸ் ஒன் படிக்கும்போது டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குகையில் புரண்டது. அடுத்த வருடம் கோயில் வாசலில், கல்லும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல், பெயிண்ட் அடித்த சிமெண்ட் தரையில் புரண்டது. ஐடிஐயில் சேர்ந்த பிறகு எத்தனை தடவை என்று நீ எங்களிடம் சொல்வதையே விட்டுவிட்டாய். ஏனென்றால் சொன்னால் நான் கேலி செய்வேன். "சமதரைல விழறதுக்கு ஒரு திறமை வேணும்டா" என்பேன். நீ நடக்கும்போது தலையைக் குனிந்து காலையும் தரையையும் பார்த்தே நடப்பாய். தொலைத்த சாவியைத் தேடுகிறவன் மாதிரி நடக்காதே, நிமிர்ந்து நட என்று நாலு பேர் முன்னால் உன் முதுகில் தட்டியிருக்கிறேன். நீ நிமிர்ந்து நாலடி வைப்பாய், மறுபடி கண் கீழே போய்விடும். திமிர் என்று நினைத்தேன். அது திமிர் இல்லை என்று எனக்குச் சொன்னவர் கிருஷ்ணகிரியில் அந்தப் பிசியோதெரபி அம்மா.

அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். உன் அம்மா பிடிவாதம் பிடித்து நம்மை பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். அந்தப் பிசியோதெரபி அம்மாவுக்கு உன்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். செருப்பைக் கழற்றச் சொல்லி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். வலது காலில் நின்றாய், ஒரு குறையும் இல்லை. இடது காலில் நின்றபோது கொஞ்சம் ஆடினாய், ஆனால் நின்றாய். பிறகு "கண்ண மூடிக்குங்க" என்றார். அவர் நான்கு எண்ணுவதற்குள் நீ அவர் தோளில் சரிந்துவிட்டாய். மறுபடி செய்யச் சொன்னார், மறுபடி சரிந்தாய். உன் முகம் சிவந்துவிட்டது. உன்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எங்கள் இருவரிடமும் சொன்னார்: "எலும்பைச் சேத்துக் கட்டியிருக்கிற ஜவ்வு திரும்பத் திரும்ப இழுபட்டுத் தொளதொளன்னு ஆயிருச்சுங்க. அதவிடப் பெருசு ஒண்ணு இருக்கு. பாதம் மடங்குதுன்னு கணுக்கால் உடனே மூளைக்குச் சேதி சொல்லணும். இவருக்கு அந்தச் சேதி லேட்டாப் போகுது. போய்ச் சேர்றதுக்குள்ள ஆள் விழுந்துடறாரு. கால் சொல்லாதத கண்ணு பாத்துச் சொல்லுது. அதான் குனிஞ்சே நடக்கிறாரு." நான் அப்போதும் விடாமல், மருந்து ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "மருந்து இல்லீங்க, பழக்கம்தான். மூணு மாசம் விடாமச் செஞ்சா கால் மறுபடி கத்துக்கும்" என்றார்.

நீ செய்தாய். அதை நான் மறுக்கமாட்டேன். காலையும் மாலையும் மொட்டைமாடிக்குப் போய், முதலில் வெறும் தரையில், பிறகு மடித்த தலையணை மேல் இடது காலில் நின்றாய். உன் அம்மா பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு எண்ணுவாள். ஒரு மாதம் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு வரை எண்ணும் அளவுக்கு வந்துவிட்டாய் என்று அவள் ஓடிவந்து சொன்னாள். அந்த வாரத்தில்தான் எதிர்வீட்டுக்காரர், நம் கம்பெனியிலேயே மெஷின் ஷாப்பில் இருந்தவர், என்னை வழிமறித்து, "என்ன ஃபிட்டரே, பையன் கொக்கு மாதிரி ஒத்தக்கால்ல நிக்கிறான், கால்ல ஏதாச்சும் கோளாறா?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன்.  அந்த வருடம் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று கம்பெனி நான்கு டிரெயினி இடம் ஒதுக்கியிருந்தது. நம் வரிசை வீடுகளில் மட்டும் ஐடிஐ முடித்த பையன்கள் ஆறு பேர். எதிர்வீட்டுப் பையனும் அதில் ஒருவன். மெடிக்கல் டெஸ்டில் யார் தள்ளுபடி ஆவான் என்று எல்லா வீட்டிலும் கண் வைத்திருந்த நேரம் அது. ஒருவர் காதில் விழுந்தால் நர்ஸ் காதில் விழும், நர்ஸ் காதில் விழுந்தால் டாக்டர் காதில் விழும்.

அன்று சாயந்திரம் மாடிக்கு வந்து, உன் காலடியிலிருந்து தலையணையை உருவினேன். நீ தடுமாறிச் சுவரைப் பிடித்தாய். "வேலை கிடைக்கட்டும், அப்புறம் நீ தலைகீழாக்கூட நில்லு" என்றேன். "இன்னும் ரெண்டு மாசம்தானப்பா" என்றாய். வீட்டுக்குள்ளே செய்கிறேன் என்றாய். பத்துக்குப் பத்து அறையில் ஜன்னல் திறந்திருக்கிறது, எல்லோரும் பார்ப்பார்கள் என்றேன். ஜன்னலைச் சாத்தலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, பார். அந்தப் பிசியோதெரபி அம்மா பயிற்சியைப் படம் போட்டு எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தையும் எடுத்து டூல் பாக்ஸின் அடித்தட்டில் போட்டுவிட்டேன். மெடிக்கலுக்குப் போகிற காலையில் உனக்கு நான் பாடம் எடுத்தேன். பழைய அடி ஏதாவது உண்டா என்று கேட்டால் யோசிக்காதே, யோசித்தால் சந்தேகப்படுவான், உடனே இல்லை என்று சொல். உட்கார்ந்து எழச் சொன்னால் வலது காலில் பாரம் கொடு. நீ அப்படியே செய்தாய். கையெழுத்துப் போட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்று அன்று வீட்டில் பாயசம் வைத்தோம்.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாதது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமான வருடம், நீ டிரெயினியாகச் சேர்ந்து எட்டாவது மாதம். மத்தியான ஷிஃப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரம். நீ பல்சக்கரங்கள் அடுக்கிய தட்டைத் தூக்கிக்கொண்டு, அவற்றைக் கழுவுகிற வாஷிங் மேடையின் மூன்று படிகளில் இறங்கி வந்தாய். நான் பத்தடி தள்ளி ஒரு மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். நீ படி இறங்கும்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது, தட்டு உன் கண்ணை மறைத்துக்கொண்டிருந்ததால். படியில் ஒன்றும் ஆகவில்லை. கீழே வந்து சமதரையில் இரண்டாவது அடி வைத்தபோது உன் இடது பாதம் உள்பக்கமாக மடங்கியது. நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன். தட்டோடு சரிந்து, கையை ஊன்றி, மணிக்கட்டு ஒடிந்து கிடந்தாய். தரை காய்ந்திருந்தது, தம்பி. அங்கே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அரைமணி நேரம் முன்னால்தான் துடைத்திருந்தார்கள், பளபளவென்று இருந்தது.

நான் ஓடி வந்தேன். சூப்பர்வைசர் கேபின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. காய்ந்த தரையில் டிரெயினி தானாக விழுந்தான் என்றால் காலை எக்ஸ்ரே எடுப்பார்கள், பழைய கதை வெளியே வரும், மெடிக்கலில் மறைத்தான் என்று உன்னை வெளியே அனுப்புவார்கள். இது அத்தனையும் அந்த ஒரு நொடியில் என் மண்டையில் ஓடியது. என் கையில் எண்ணெய்க் கேன் இருந்தது. உன் காலடியில் ஒரு கையகலம் ஊற்றினேன். உன் இடது பூட்ஸைப் பிடித்து அதன் அடியை அந்த எண்ணெயில் தேய்த்தேன். நீ "அய்யோ கால்" என்றாய். நான் விடாமல் இன்னொரு தடவை தேய்த்தேன். அதற்குப் பிறகுதான் உன்னைத் தூக்கினேன். இந்த வரியை நான் எழுதிவிட்டேன், இதை மட்டும் எழுதமாட்டேனோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி நீ என்னைக் கேட்டாய். "எண்ணெய் இருந்துச்சாப்பா? நான் பாக்கலயே." அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அறையில் நம் இருவரைத் தவிர யாரும் இல்லை. "இருந்துச்சு, நான்தான் பாத்தேனே" என்றேன். நீ நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாய். உன் கால் உன்னைக் கைவிடவில்லை என்கிற நிம்மதி. அந்த நிம்மதியைக் கொடுத்துவிட்டேன் என்று நானும் சந்தோஷப்பட்டேன். "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்று சூப்பர்வைசர் சொல்லி, வேலை நேர விபத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உன்னை நிரந்தரமாக்கினார்கள். கை முழுசாகக் கூடும்வரை என்று சொல்லி, நான் கெஞ்சிக் கூத்தாடி உன்னை இன்ஸ்பெக்ஷன் மேஜையில் உட்கார வைத்தேன். நாலரை வருடம் நீ நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தாய். உட்கார்ந்திருக்கிறவன் கால் எப்படிப் புரளும்? இதைத்தான் நீ போனில் "ஒருநாளாச்சும் விழுந்திருக்கேனா" என்று கேட்டது.

விழவில்லை என்பது உண்மை. ஆனால் நம் வீட்டுக் குளியலறைச் சுவரை வந்து பார். நீ முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடுகிற நேரமெல்லாம் இடது கையைச் சுவரில் ஊன்றிக்கொள்வாய். நாலரை வருடம் ஊன்றி ஊன்றி, உன் தோள் உயரத்தில் சுண்ணாம்பு தேய்ந்து உன் கையின் அளவுக்கு ஒரு வழவழப்பு இருக்கிறது. நீ அதைக் கவனித்திருக்கமாட்டாய். நான் தினமும் பார்த்தேன். பார்த்துவிட்டு, பிள்ளை நாற்காலியில்தானே இருக்கிறான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்த வருடம் ஆர்டர் இல்லை என்று கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது உன்னையும் அனுப்புவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்கு பார்த்தாலும் செல்போன் டவர் முளைக்கிற காலம், உனக்கும் உடனே வேலை கிடைத்தது. மேலே ஏறுகிறவன் கீழே பார்க்கக் கூடாது என்பதுதான் முதல் பாடம் என்று நீயே என்னிடம் சொன்னாய். தம்பி, நீ காலைப் பார்க்காமல் ஒரு நாள் நடந்ததில்லை. மூன்று விரல் அகல இரும்பில், வியர்வை கண்ணில் இறங்குகிறபோது, பாதுகாப்பு பெல்ட்டின் ஒரு கொக்கியை எடுத்து இன்னொன்றை மாட்டுகிற அந்த இடைவெளியில், உன் இடது கால் உனக்கு எதுவும் சொல்லாது.

இன்னொருவருக்கு நான் செய்ததையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தரையைத் துடைத்தவர் எல்லம்மா. காண்டிராக்டில் இருந்தவர், பாகலூர்ப் பக்கம். வீட்டில் தெலுங்கு, காண்டிராக்டரிடம் கன்னடம், நம்மிடம் தமிழ் என்று மூன்றையும் கலந்து பேசுவாரே, உனக்கு முகம் ஞாபகம் இருக்கும். விசாரணையில் அவரை நிற்க வைத்துக் கேட்டார்கள். "தொடச்சேன் சார். காஞ்ச துணி போட்டு ரெண்டாவது தடவையும் தொடச்சேன். கற்பூரத்த அணச்சு சத்தியம் பண்ணட்டுமா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணா, நீங்கதான அங்க இருந்தீங்க. சொல்லுங்கண்ணா." நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் வந்தப்ப எண்ணெய் கிடந்துச்சு" என்றேன். மறுநாள் அவருடைய கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வருடம் கழித்துக் கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன், மாங்கூழ் கம்பெனிப் பெண்களோடு நின்றிருந்தார், கை முழங்கை வரை மாம்பழச் சாறு காய்ந்து கறுத்திருந்தது. நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் பஸ் ஏறும்வரை அங்கேயே நின்றேன்.

நேற்று அவரைத் தேடிப் போனேன். இப்போது மாம்பழ சீசன், அந்த மாங்கூழ் கம்பெனியில்தான் இருப்பார் என்று தெரியும். சாப்பாட்டு இடைவேளையில் கேட்டுக்கு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும், "ஃபிட்டர் அண்ணனா?" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், நின்றபடியே, சேர்ந்தாற்போல் சொல்லி முடித்தேன். அவர் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

"தெரியும்ணா" என்றார். "நான் தொடச்ச எடம் எனக்குத் தெரியாதா? தரையில கெடக்கிற எண்ணெய் தூசி புடிச்சுக் கறுப்பா இருக்கும். அது புதுசு. தேனு மாதிரி இருந்துச்சு. கேனு உங்க கையில இருந்துச்சு."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"யாருகிட்ட? உங்ககிட்டதான சொன்னேன். சொல்லுங்கண்ணான்னு கேட்டனே."

 மன்னித்துக்கொள் என்று சொல்லப் போனேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். "அன்னைக்குச் சொல்லியிருந்தா வேல மிஞ்சியிருக்கும். இன்னைக்குக் கொண்டாந்து குடுக்கிறீங்க, இத வெச்சு நான் என்னண்ணா பண்ணட்டும்?" என்றார். மணி அடித்தது. உள்ளே போகத் திரும்பினவர் நின்று, "உங்க புள்ளைக்கு இது தெரியுமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப இன்னும் அந்தத் தம்பி எண்ணெய்லதான் விழுந்தேன்னு நெனச்சிட்டிருக்கா?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்து நேராக நம் பழைய கம்பெனி ஆபீசுக்குப் போனேன். அந்தக் காண்டிராக்டரே இப்போது இல்லை, பழைய ஃபைலைத் தேட முடியாது, எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார் புதிதாக வந்திருக்கிற அதிகாரி. எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் கால் சரியாகாது என்று நான் சொல்லவில்லை. மூன்று மாதம் விடாமல் செய்தால் கால் மறுபடி கற்றுக்கொள்ளும் என்று அந்த அம்மா சொன்னது இன்றைக்கும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். ஒரு மாதத்தில் நீ நான்கிலிருந்து பன்னிரண்டுக்கு வந்தவன். அந்தக் காகிதத்தை டூல் பாக்ஸிலிருந்து எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், கிரீஸ் கறை படிந்திருக்கிறது, ஆனால் படம் தெரிகிறது. ஆனால் மூன்று மாதம் என்பது திங்கட்கிழமைக்குள் ஆகிற காரியம் இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள் என்று எழுதி முடிக்கத்தான் நினைத்தேன். இருபத்தைந்தைத் தாண்டிய பிள்ளை, உன் வாழ்க்கை, உன் கல்யாணம். வாழ்நாள் முழுக்க உன்னைக் கேட்காமலே உனக்காக முடிவு செய்தவன், கடைசியில் இதையாவது உன்னிடம் விட்டிருக்க வேண்டும். ஆனால் யோசித்துப் பார்த்தேன். இதை நீ மட்டும் படித்தால் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுத் திங்கட்கிழமை காலையில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு நிற்பாய். சூப்பர்வைசர் கால் எப்படி என்று கேட்டால், யோசிக்காமல் உடனே, நன்றாக இருக்கிறது என்பாய். அப்படிச் சொல்ல உனக்குக் கற்றுக் கொடுத்தவன் நான். நல்ல மாணவன் நீ.

அதனால் இந்தக் கடிதத்தை முடித்த கையோடு ஜெராக்ஸ் கடைக்குப் போகிறேன். ஒரு பிரதி நம் பழைய கம்பெனிக்கு, எல்லம்மாவின் பெயரும் என் கையெழுத்தும் போட்டு. இன்னொன்று உன் டவர் கம்பெனி ஆபீசுக்கு. உன் சூப்பர்வைசர் சேலத்துக்காரர் என்று சொன்னாயே, தமிழ் படிப்பார். உனக்கு வருகிற இதையும் சேர்த்து மூன்றும் ஒரே கூரியரில் போகின்றன, சனிக்கிழமை மதியத்துக்குள் சேர்ந்துவிடும் என்றார்கள். திங்கட்கிழமை உன்னை ஏற்றமாட்டார்கள். வேலை போகும். பர்கூரிலிருந்து பெண் வீட்டார் வந்து நிச்சயதார்த்தத் தட்டைத் திருப்பிக் கொடுத்தாலும் கொடுப்பார்கள். உன் அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. நீ என்னோடு பேசமாட்டாய் என்று தெரியும், எத்தனை வருடம் என்றுதான் தெரியவில்லை. வெறுத்துக்கொள், தம்பி. எவ்வளவு வேண்டுமானாலும் வெறு. தரையில் நின்றுகொண்டு வெறு.

அப்பா